டிம்ப்னா வாங்கிய வெல்டிங் மெஷின்கள்

டிம்ப்னா கீனி ஐம்பத்தாறு வயதில் பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அல்ல. அது அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் அதுவே பிழைப்பாகும் என்று அவள் நினைத்ததில்லை. அயர்லாந்தின் லீட்ரிமில் பதினாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். சனிக்கிழமைகளில் புருஷன் யூனனுக்கு உதவியாக வண்டியில் ஏறி, அவன் தோண்டிய குழியை மூடுவாள். அவ்வளவுதான்.

யூனன் இங்கிலாந்தில் மின் நிலையங்களிலும் கப்பல் துறைகளிலும் இருபத்திரண்டு வருடம் வெல்டிங் வேலை பார்த்தவன். சுவர் மாதிரித் தடித்த குழாய்களை ஒட்டினவன். எல்லாம் கம்பெனி மெஷின், கம்பெனி கரண்ட். சொந்தமாக, ராடைப் பிடிக்கும் ஒரு ஹோல்டர்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஊர் திரும்பியதும், இனி முகமூடியைத் தலையில் மாட்டவே மாட்டேன் என்று சொல்லி, பழைய பொக்லைன் ஒன்றை வாங்கி வாய்க்கால் தோண்டும் வேலையில் இறங்கினான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதக் காலையில், பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தான். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று.

முழுக்கப் போகவில்லை என்பதுதான் கொடுமை. "இல்ல" என்று தெளிவாகச் சொல்வான். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை, "ஞாயித்துக்கெழம". டீ வேண்டுமா என்றால் ஞாயித்துக்கெழம. கால் வலிக்கிறதா என்றால் ஞாயித்துக்கெழம. ஆனால் கோபம் வந்துவிட்டால் கெட்ட வார்த்தை மட்டும் கோர்வையாக, பிசிறில்லாமல், பழைய யூனனின் குரலிலேயே வரும். வியாழன்தோறும் வரும் பேச்சுப் பயிற்சிப் பெண் அதற்கு ஏதோ விளக்கம் சொன்னாள். திட்டுவதெல்லாம் மூளையில் வேறு அறையில் இருக்குமாம். டிம்ப்னாவுக்கு அந்த அறை மட்டும் ஏன் தப்பியது என்று ஆத்திரமாக வந்தது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒப்புக்கொண்ட வேலைகள் பாதியில் நின்றன. அவள் பேருந்தை விட்டுவிட்டுப் பொக்லைனில் ஏறினாள். முதலில் ஜனங்கள் பரிதாபப்பட்டு வேலை கொடுத்தார்கள். பிறகு, யூனனைவிட இவள் வயலைச் சுத்தமாக விட்டுப்போகிறாள் என்று கொடுத்தார்கள்.

இந்த செப்டம்பரில், பெர்னி மல்வி வீட்டுப் பின்னால் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போதுதான் அது நடந்தது. மண் அள்ளும் பக்கெட் பாறையில் மாட்டி, "டக்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தாள். பொக்லைன் கையின் நுனியில், பக்கெட்டைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் தடித்த தகடுகள் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் கோர்த்து ஒரு பின் போகும். இடது காது பாதிக்கு மேல் விரிசல் விட்டுக் கிடந்தது. இருபத்தைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பு. பக்கெட்டைத் தூக்கிப் பிடித்தபடி, பின்னால் எட்டு கார்கள் ஊர்ந்துவர, ஒன்றரை மைல் நடை வேகத்தில் வீடு வந்து சேர்ந்தாள்.

அந்தப் பக்கத்தில் தடித்த இரும்பை ஒட்டுகிறவன் ஷேமி கலோக்லி ஒருவன்தான். வேனில் மெஷினை வைத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போவான். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றான். மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின. போனை எடுத்த நாளில் வழியில்தான் இருக்கிறேன் என்பான். எந்த வழி என்று மட்டும் சொல்லமாட்டான். இதற்கிடையில் பெர்னி தினம் ஒரு தடவை கூப்பிட்டாள்.

"டிம்ப்னா, குத்தம் சொல்லல. ஆனா என் வீட்டுக்குப் பின்னால இப்ப ஒரு ஏரி இருக்கு. நேத்து ரெண்டு வாத்து வேற வந்து குடியேறிடுச்சு."

"வாத்துகிட்ட வாடகை வாங்கிக்கோ பெர்னி. இந்த வாரம் முடிச்சுடறேன்."

போனை வைத்துவிட்டு, நாமே ஒட்டினால் என்ன என்று முதல்முறையாக யோசித்தாள். ஒரு குளிர்காலம் மாலை வகுப்பில் வெல்டிங் படித்திருந்தாள். மாட்டுக் கொட்டில் கேட் இரண்டு அவள் ஒட்டியதுதான். இரும்பு இரும்புதானே, கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான் என்று நினைத்தாள். அங்கேதான் முதல் தப்பு.

காரிக் ஊரில் வெல்டிங் சாமான் கடைக்காரன் ரொம்ப நல்லவனாக இருந்தான். கம்பிச் சுருள் தானாக ஓடும் மெஷின் ஒன்றைக் காட்டினான். துப்பாக்கி மாதிரிப் பிடித்து விசையை அமுக்கினால் போதும். "எல்லாத்தையும் ஒட்டும் மிஸஸ். கண்ண மூடிட்டு வாங்கிப் போங்க" என்றான். தடித்த இரும்பைச் சுட வைத்துத்தான் ஒட்டவேண்டும் என்று அவள் எங்கோ படித்திருந்ததால், குழாய்வேலைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன கேஸ் டார்ச் ஒன்றையும் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தாள். யூனன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தான்.

"இல்ல."

"என்ன இல்ல? இன்னும் பிளக்கே சொருகல."

"இல்ல. இல்ல. ஞாயித்துக்கெழம." மெஷினைத் தடியால் தட்டிக் காட்டினான்.

நான் வெல்டிங் செய்யக்கூடாது என்கிறான் என்று அவள் புரிந்துகொண்டாள். பொக்லைனில் ஏறிய முதல் நாளும் அவன் இதே மாதிரி இல்ல இல்ல என்று கத்தினது நினைவுக்கு வந்தது. பதில் சொல்லாமல், கொட்டகையில் கிடந்த தடித்த தகட்டுத் துண்டுகள் இரண்டை எடுத்து ஒட்டிப் பார்த்தாள். அழகாக வந்தது. வெண்ணெய் பூசினதுபோல வழவழவென்று, ஒரே சீராக ஒரு கோடு. இப்படி ஒரு கோடு அவள் வகுப்பில்கூட போட்டதில்லை. சமையலறைக்குக் கொண்டுவந்து அவன் முன்னால் மேஜையில் வைத்தாள்.

அவன் ஒரு பார்வைதான் பார்த்தான். "இல்ல."

அப்போது அவளுக்குள் ஏதோ அறுந்தது. இரண்டு வருடத்து இல்லைகள் எல்லாம் சேர்ந்து வந்தன.

"என்னதான்யா வேணும் உனக்கு? ரெண்டு வருஷமா எல்லாத்துக்கும் இல்ல, இல்ல, இல்ல. உன்கிட்ட கேக்கறதுக்கு அந்தப் பசுமாட்டுகிட்ட போய் கேக்கலாம். அதாவது தலையை ஆட்டும்."

சொன்னபிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. யூனன் திட்டக்கூட இல்லை. அந்த இரும்புத் துண்டை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தடியை ஊன்றி, மழையில் கொட்டகைக்குப் போனான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒரே ஒரு அடி.

ஓடிப்போய்ப் பார்த்தாள். துண்டை இரும்பைக் கவ்வும் வைஸில் மாட்டி, இடது கையால் ஓங்கி அடித்திருக்கிறான். அவள் போட்ட அழகான கோடு வெந்த ரொட்டியின் மேல்தோல்போல முழுசாகப் பெயர்ந்து தரையில் கிடந்தது. அவன் அதை எடுத்துத் திருப்பிக் காட்டினான். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. கீழே தகட்டின் பழைய கறுப்புத் தோல்கூடக் கலையவில்லை. மேலே படுத்திருந்ததே தவிர, இரும்புக்குள் போகவே இல்லை.

அவன் சொன்ன "இல்ல" அவளைப் பற்றியதே அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருடத் தொழிலை மண்டையில் வைத்துக்கொண்டு, ஒரு சுத்தியலைத் தவிர வேறு வாயில்லாமல் நிற்கிறானே என்று. அதைத் தணித்துக்கொள்ள வேறு வழியில்லாமல் அந்தச் சின்ன டார்ச்சைப் பற்றவைத்துப் பொக்லைன் காதில் காட்டினாள். இருபது நிமிடம் பிடித்தாள். தொட்டுப் பார்த்தால் டீக் கோப்பை அளவுக்குத்தான் சூடு. அவ்வளவு பெரிய இரும்பு எல்லாச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே அனுப்பிவிட்டது. டார்ச்சைத் தூக்கி எறிந்தாள். அது சாணிக் குழியில் விழுந்தது. பிறகு போய் எடுத்தாள், திருப்பிக் கொடுக்கவேண்டுமே.

அடுத்த நாள் அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரன் யூனனைப் பார்த்ததும் குழந்தையிடம் பேசுவதுபோலக் கத்திப் பேசினான். "என்ன சார், வெளிய வந்தீங்களா? நல்லாயிருக்கீங்களா?" யூனன் பதிலுக்கு விட்ட வசவு அந்தக் கடையில் அதுவரை யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லாதது. கடைக்காரன் முகம் சிவந்து, அதன்பிறகு டிம்ப்னாவிடம் மட்டும் பேசினான்.

யூனன் வரிசை வரிசையாக நடந்தான். ஒரு பெரிய மெஷின் முன்னால், சக்கரம் வைத்தது, ஆள் உயரத்தில் பாதி, நின்றுவிட்டான். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அது மூன்று ஃபேஸ் கரண்டில் ஓடுவது. அவர்கள் வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ். அவள் சொல்ல வாயெடுப்பதற்கு முன் அவனே "இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். கடைசியில் அலமாரியில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைத் தட்டினான். ராடு வெல்டிங் மெஷின், கம்பிச் சுருளுக்குப் பதில் ராடை உருக்கி ஒட்டுவது. ஒரு கையில் தூக்கிவிடலாம், பூட்ஸ் வரும் அட்டைப்பெட்டி அளவுதான்.

"இதுவா?" என்றாள்.

"இதெல்லாம் கேட், வேலிக்கு மிஸஸ். இருபத்தஞ்சு மில்லிக்கு இது பத்தாது" என்றான் கடைக்காரன்.

யூனன் மறுபடி தட்டினான். பேச முடியாதவனை நம்புவதா, பேச்சை நிறுத்த முடியாதவனை நம்புவதா என்று அவள் நடுவில் நின்றாள். போன தடவை இரண்டாமவனை நம்பினோம், இந்தத் தடவை மாற்றிப் பார்ப்போம் என்று பெட்டியை எடுத்தாள்.

இரும்பைச் சுடவைக்கப் பெரிய டார்ச் வாங்குவது அதைவிடப் பெரிய கூத்து. அசெட்டிலின் வாயு சிலிண்டருக்கு ஒப்பந்தம், வருடாந்திர வாடகை, வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் காப்பீட்டுக்காரர்களிடம் சொல்லவேண்டும் என்று கடைக்காரன் அடுக்கினான். சமையலுக்கு வைத்திருக்கும் புரோபேன் சிலிண்டரே போதுமா, கூட ஆக்சிஜன் மட்டும் வாங்கினால் நடக்குமா என்று அவள் கேட்டாள். யூனன் தலையாட்டினான். முதல்முறையாக ஒரு தலையாட்டல். எல்லாம் கட்டி முடித்தபிறகு டார்ச்சின் முனையைக் கழற்றி விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம" என்று கடைக்காரன் பக்கம் தள்ளினான். மறுபடி வைத்தார்கள். மறுபடி தள்ளினான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த முனை அசெட்டிலினுக்கு உள்ளது, புரோபேனுக்கு வேறு முனை வேண்டும் என்று கடைக்காரனுக்கு விளங்கக் கால் மணி நேரம் ஆனது.

வீட்டில் தடித்த ராடை மாட்டி, கரண்டை முழுக்கத் திருகிவைத்து, முதல் பொறி தட்டினாள். கொட்டகை இருண்டது. சமையலறையில் ரேடியோ நின்றது. ஓடிப்போய் டிரிப் ஆன விசையைத் தூக்கிவிட்டு வந்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி இருட்டு. மூன்றாம் தடவை, இதையும் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறோம் என்று முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தான். கொட்டகைக்குப் போகும் ஒயர் சன்னம், அது பல்பு எரிக்கத்தான் லாயக்கு என்றான். தடித்த கேபிள் மண்ணுக்கடியில் போடவேண்டும், இருபது மீட்டர் பள்ளம் தோண்டிவையுங்கள் என்றான். பிறகு முற்றத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"அதுக்கென்ன, பொக்லைன்தான் வாசல்லயே நிக்குதே."

டிம்ப்னா அவனைப் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, கரண்ட் மீட்டருக்குப் பக்கத்திலேயே பின்வாசல் நடையில் ஒரு பெரிய சாக்கெட் மாட்டித்தர முடியும் என்றான். கேபிளை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பொக்லைனைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்து, மேலே தார்ப்பாய் கட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஷேமி வந்து சேர்ந்தான். அதுவும் புதன்கிழமை. சின்னப் பெட்டியைப் பார்த்துவிட்டு வேன் கதவில் சாய்ந்துகொண்டான்.

"இதுல பொம்மை நாய்க்கு வேணா காது ஒட்டலாம் டிம்ப்னா. பொக்லைன் கைய கழட்டி என் பட்டறைக்கு அனுப்பு. ரெண்டு வாரத்துல முடிச்சுத் தர்றேன்."

"ரெண்டு வாரம்னா உன் கணக்குல எந்த மாசம் ஷேமி?"

அவன் பதில் தேடுவதற்குள் யூனன் தன் மூளையின் அந்த வேறு அறையைத் திறந்தான். ஷேமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்று, "ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தான இருக்காரு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினான்.

மறுநாள் காலை அவள் கிரைண்டரால் விரிசலை இரண்டு பக்கமும் வி மாதிரி அறுத்தெடுத்தாள். அதற்கே மதியமானது. ராடை எடுக்கப்போனால் யூனன் ராடுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் அடுப்பின் ஓவன் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறான். பசிக்கிறது போலிருக்கிறது என்று ரொட்டியும் பன்றி இறைச்சியும் எடுத்துவைத்தாள். தட்டைத் தள்ளினான். சூப் சுடவைத்தாள். அதையும் தள்ளினான். கடைசியில் அவனே ராடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓவனுக்குள் அடுக்கினான். கொட்டகை ஈரத்தில் கிடந்த ராடு, காய்ச்சாமல் ஒட்டினால் உள்ளே மறுபடி விரிசல் விடும் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த அரை மணி நேரம் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் அடித்துவிடலாம்போல இருந்தது.

தடித்த ராடை ஓரம் தள்ளிவிட்டு, மெலிசானதைத்தான் அவன் கொடுத்தான். மெஷினின் குமிழைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் திருகினான். இந்தத் தடவை வீடு இருளவில்லை. தடித்த இரும்புக்குப் பெரிய மெஷின் வேண்டும் என்பதல்ல கணக்கு. நன்றாக அறுத்து, நன்றாகச் சுடவைத்து, மெல்லிய ராடில் அடுக்கடுக்காக நிரப்பிக்கொண்டு வரவேண்டும். புது டார்ச் உறுமிக்கொண்டு எரிந்தது. காது முழுக்கச் சூடேறியதா என்று அவன் துப்பிப் பார்த்தான். எச்சில் சுர்ரென்று பறந்தது. தலையாட்டினான்.

ஐந்து மணி நேரம் ஒட்டினாள். பாதியில் மழை வலுத்து, தார்ப்பாய் ஒழுகி, கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியது. சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில், ஒவ்வொரு அடுக்கின் மேலும் படியும் கசடை ஒழுங்காகத் தட்டி எடுக்காமல் அடுத்ததைப் போட்டுக்கொண்டே போனாள். முடித்துவிட்டுக் கூப்பிட்டாள். யூனன் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு மூக்கு படும் தூரத்தில் குனிந்து பார்த்தான். ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டையில் விரலை வைத்தான்.

"இல்ல."

அவள் கிரைண்டரை வைத்து அந்த ஓட்டையைத் தேடி உள்ளே போனாள். உள்ளே கசடு, கண்ணாடிபோலக் கறுப்பாக, விரல் நீளத்துக்கு. இன்னும் உள்ளே போனால் இன்னும் இருந்தது. அன்றைய வேலை முழுவதையும் அறுத்து எடுத்தாள். பிறகு பொக்லைன் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். கீழே யூனன் கம்பி பிரஷ்ஷை வைத்துக்கொண்டு காத்து நின்றான். அவள் இறங்கி வரும்வரை நின்றான்.

இரண்டாம் நாள் வேறு மாதிரி நடந்தது. ஒரு அடுக்கு போடுவாள். அவன் இடது கையால் தட்டி, பிரஷ் போட்டு, பார்த்துவிட்டுத் தலையாட்டினால்தான் அடுத்தது. மூன்று இடத்தில் இல்ல என்றான். மூன்றையும் சண்டை போடாமல் அறுத்தாள். ஒரு பக்கம் பதினொன்று, மறுபக்கம் ஒன்பது அடுக்கு. பலத்துக்காக மேலே வைத்து ஒட்ட ஒரு தகட்டை கேஸில் வெட்டினாள். இரும்பு சிவக்கும் முன்பே ஆக்சிஜனை அமுக்கியதில், நாய் கடித்த ரொட்டிபோல ஓரம் வந்தது. இரண்டாவது தகடு பரவாயில்லை. எல்லாம் முடிந்து, மெல்ல ஆறட்டும் என்று கண்ணாடிப் பஞ்சுப் போர்வையைச் சுற்றி வைத்தார்கள்.

காலையில் பின்னைச் சொருகினால் போகவில்லை. சூட்டில் இரும்பு இழுத்துக்கொண்டு ஓட்டை மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்திருந்தது. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. உட்கார்ந்து அரமும் கிரைண்டருமாகத் தேய்த்தாள். பக்கெட் மாட்டும்போது மாலை நாலு மணி.

திங்கட்கிழமை பெர்னியின் ஏரியை வடித்துக் குழியை முடித்தாள். யூனன் மேட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முறை பக்கெட் பாறையில் உரசும்போதும் நிமிர்ந்து பார்த்தான். காது அசையவில்லை. பெர்னி ஆப்பிள் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். வாத்துகள் போனது கொஞ்சம் வருத்தம்தான் என்றாள்.

வீடு திரும்பும் வழியில் டிம்ப்னா காரை ஓரம் நிறுத்தினாள்.

"அன்னிக்கு மாட்டப் பத்திச் சொன்னேனே, அது தப்பு. சொல்லியிருக்கக் கூடாது."

யூனன் மன்னித்தான் என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் முகம் கொடுக்காமல்தான் இருந்தான். அவன் சொல்ல நினைத்தது எதுவோ, அதற்கு அவனிடம் வார்த்தை இல்லை. சுத்தியலால் சொல்லக்கூடிய விஷயமும் அல்ல அது. மூன்றாம் நாள் காலை, அவள் கேட்காமலே, அவளுடைய கையுறைகளை அடுப்பு மேல் காயவைத்திருந்தான்.

பேச்சு திரும்பவில்லை. இனி பெரிதாகத் திரும்பாது என்று பயிற்சிப் பெண் நவம்பரில் சொன்னாள். டிசம்பரில், உறைந்த மண்ணில் தோண்டும்போது, பொக்லைனின் வலது காது விரிசல் விட்டது. டிம்ப்னா இறங்கி, பூட்ஸால் டிராக் சங்கிலியை நாலு உதை உதைத்து, வாயில் வந்ததையெல்லாம் திட்டினாள். சுமார் பத்து நிமிடம். மேட்டில் உட்கார்ந்திருந்த யூனன் நடுவில் அவளுக்கு இரண்டு வார்த்தை எடுத்துக்கொடுத்தான். பிறகு பக்கெட்டைத் தூக்கிப் பிடித்தபடி, நடை வேகத்தில், வீட்டைப் பார்த்துக் கிளம்பினாள்.